ஒரே தடவை கேட்கும் ஊர்

நான் இருக்கும் கனடா ஊரில், பிள்ளைகள் பந்தைக் கூடையில் போடத் தவறினாலும் கைதட்டுகிறார்கள். பனி கொட்டும் சனிக்கிழமைக் காலையில் பெற்றோர்கள் காபியும் கையுமாக விளையாட்டு அரங்கில் உட்கார்ந்து, எங்கோ போன பந்துக்கு 'குட் ட்ரை' என்கிறார்கள். ஆரணியில் நான் படித்த பள்ளியில் பந்தைத் தவறவிட்டால் முதுகில்தான் சத்தம் கேட்கும். அதனால் முதல் வாரம், கேலி செய்கிறார்கள் என்று நினைத்துச் சுற்றிலும் முறைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் தீபிகாவுக்குப் பத்து வயது. கூடைப்பந்து அணியிலேயே குள்ளம். அந்தச் சொத்து என் வழியாக வந்தது. ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு நெட்டைப் பிள்ளைகளின் கைக்கு அடியில் புகுந்து போய்விடுவாள். முதல் போட்டிக்கு முன்னால் பயிற்சியாளர் டானா என்னிடம் வந்து, இவளை முதல் ஐவரில் இறக்கலாமா என்று கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே, வேண்டாம், இவள் சின்னப் பெண், மற்ற பிள்ளைகள் ஆடட்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போளூருக்குப் பெண் பார்க்கப் போனபோது கேசரியை இரண்டு முறை மறுத்தேன்; மூன்றாம் முறை மாமியார் தட்டில் கொட்டினார். முதல் தடவையே கை நீட்டியிருந்தால், மாப்பிள்ளை தீனிக்கு அலைகிறார் என்று சம்பந்தமே முறிந்திருக்கும். டானாவும் இன்னும் இரண்டு முறை கேட்பார் என்று முகத்தைப் பதவிசாக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் நன்றி சொல்லி, கையிலிருந்த தாளில் ஒரு பெயரை அடித்துவிட்டுப் போனார்.

மூன்று சனிக்கிழமை தீபிகா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒருநாள் டானா, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று தணிந்த குரலில் விசாரித்தார். எல்லாம் உங்கள் விருப்பம் என்றேன். எங்கள் பக்கத்தில் அதற்கு, தயவுசெய்து ஆட விடுங்கள் என்று அர்த்தம். அவர் என் தோளை ஆறுதலாகத் தட்டினார்.

மூன்றாம் வாரம் காருக்கு வந்ததும் தீபிகா ஷூவைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். இனிமேல் வரமாட்டாளாம். சரியாக ஆடாததால்தான் கோச் உட்கார வைத்துவிட்டாராம். பந்தடித்துப் பந்தடித்து எங்கள் காரேஜ் கதவிலேயே ஒடுக்கு விழவைத்த பிள்ளை சொல்கிற பேச்சா அது? கோச் கேட்டதையும், நான் மரியாதைக்கு வேண்டாம் என்றதையும் ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

"என் ஆட்டத்துக்கு நீங்க ஏம்ப்பா பதில் சொன்னீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். டானாவிடம் நேராகப் போய், அது அப்பாவின் பதில், என் பதிலை என்னிடம் கேளுங்கள் என்றாள். டானா கேட்டார். "எஸ்" என்றாள். அவ்வளவுதான் வேலை. பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த எனக்கு அங்கே ஒரு சோலியும் இல்லை.

செய்தி என் மனைவி வழியாக ஆரணிக்குப் போனது. பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஜல்தியாகப் போன் செய்தார்.

"இன்னாடா, பொண்ணு வாத்தியாரம்மாகிட்டயே எதுத்துப் பேசிகினு கீதாமே? நாளைக்குக் கட்டிக் குடுக்கறப்ப பேஜாராயிடும்."

"ஆமாண்ணா, வாயாடிதான். வாயில்லாத அவங்கப்பன்தான் அவள மூணு வாரம் குந்த வெச்சான்."

பந்து ஆடினால் வளர்த்தியாவாள் என்று யாரோ சொல்லித்தான் சேர்த்தேன். வளர்த்தி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தனக்கு வேண்டியதைத் தானே கேட்கிறாள். பந்து கைநழுவினால் என் முகத்தைப் பார்க்காமல் ஓடிப்போய் அதைப் பிடுங்குகிறாள். ஊரில் இருக்கிற நீங்கள் இதைத் திமிர் என்கிறீர்கள். இங்கே இருக்கும் நம்மவர்கள் சிலரும், பெண்ணைக் கொஞ்சம் அடக்கி வை என்று ஜாடையாகச் சொல்கிறார்கள். மாட்டேன். மூன்று முறை கேட்கும்வரை காத்திருப்பது அழகான வழக்கம்தான். அதை நானே வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறேன். அவள் தலையில் கட்ட மாட்டேன்.

போன சனிக்கிழமை தீபிகா முதல் ஐவரில் இறங்கினாள். நம் வழக்கப்படி அவள் பெயரோடு ஒட்டியிருப்பது என் பெயர், ஏழுமலை. இந்த ஊர் அதைக் குடும்பப் பெயராக்கிச் சட்டை முதுகில் அச்சடித்துவிட்டது. இரண்டு நெட்டைகளுக்கு நடுவே அவள் புகுந்தபோது அரங்கமே அந்தப் பெயரைக் கடித்துக் குதறியது: "எலுமலாய், எலுமலாய்!" நான் திடுக்கிட்டு எழுந்து, "இன்னாங்க?" என்றேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. ஏழுமலை பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள்.