ஜோல்னாக்காவின் பை

காப்பகத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஜோல்னாக்கா. தோளில் எப்போதும் தொங்கும் பெரிய துணிப்பையால் வந்த பெயர். குற்றம் சாட்டப்பட்டுக் காப்பகத்துக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி சொந்தபந்தங்களிடம் மன்றாடுவது அவள் வேலை. அந்தப் பைக்கு ஜிப்பும் கிடையாது, பொத்தானும் கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படித் தைக்கச் சொல்லியிருந்தாள். சீப்பு, ஊக்கு, பிஸ்கட் என்று பிள்ளைகள் கைவிட்டு எடுத்துக்கொள்வார்கள். "அவங்க முன்னாடி எதையும் ஒளிச்சு வைக்காதீங்க. உடனே தெரிஞ்சுடும்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் எட்டிப்பார்க்கும்.

அன்று அவள் போயிருந்தது ஒரு பெண்ணின் சித்தி வீட்டுக்கு. பக்கத்து வீட்டில் செல்போன் திருடியதாக அந்தப் பெண்மேல் வழக்கு. மறுநாள் சித்தி கோர்ட்டுக்கு வந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் அவள் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் மறுபடி காப்பகம்தான். அதற்காகவே அனுமதி வாங்கி, பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள்.

தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சித்தி பேசினாள். "நாளைக்கு ஒரு சாமான் காணோம்னா நான் யாரைக் கேக்கறது மேடம்? என் வீட்டுக்காரர் என்னைத்தான் கேப்பாரு."

"சோறு போட்டுட்டு பீரோ சாவிய இடுப்புல சொருகிக்கிட்டா, அந்தச் சோறு பிள்ளைக்கு எப்படிங்க இறங்கும்?"

"ஏண்டி, இவங்க பேசியே என்னைக் கரைச்சிடுவாங்க போலிருக்கே" என்று சித்தி முதல்முறையாகச் சிரித்தாள். கட்டிலில் இருந்த பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மிஷின் நின்றது.

அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து போன். பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்த ஜோல்னாக்கா, பெண்ணுக்குப் பக்கத்தில் கிடந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"பை எதுக்கு மேடம்? நாங்க என்ன தின்னுடவா போறோம்?"

சித்தி கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். தன் கை பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தது. காது மடல் சுட்டது.

"கோர்ட்டு பேப்பர் அதுலதான் இருக்கு சித்தி. போன்ல கேட்டா பார்த்துச் சொல்லணும்ல" என்றாள் பெண்.

பேப்பர் கட்டு கீழே வண்டியில் இருந்தது. அதைச் சீட்டில் எடுத்து வைத்தவளே அந்தப் பெண்தான். ஜட்ஜ் கேட்டால் உண்மையை மட்டும் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தது ஜோல்னாக்கா.

"ஆமா" என்றாள். "பேப்பர்தான்."

சித்தி நம்பிவிட்டாள். காலையில் கோர்ட்டுக்கு வருவதாகவும் சொன்னாள். வந்த காரியம் முடிந்தது.

படியிறங்கும்போது பெண் தள்ளியே வந்தாள். பாதிப் படியில் நின்று, பையைத் தோளிலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினாள் ஜோல்னாக்கா. "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா. தோள் வலிக்குது."

பெண் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து அக்கா, அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவள்தான்.

"வேணாம் மேடம். நீங்களே வச்சுக்கங்க."