அண்ணன் அழித்த லயத்துப் படங்கள்

1. மாற்று வீடு கேட்கும் மனுவுக்காக, மலேசியாவின் ஜெராமில் எங்கள் எஸ்டேட் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசையின், இருபது வீடுகளையும் இடிப்பதற்கு முன் படமெடுத்தேன்.
2. படங்களைக் கணினியில் ஏற்றச் சொல்லி, கேமரா கார்டை அண்ணனிடம் கொடுத்தேன்.
3. அவர் திரையில் திறந்து பார்த்தார். ஏறிவிட்டதாக நினைத்துக் கார்டில் இருந்த படங்களை அழித்தார்.
4. அதே கார்டில் கோயில் திருவிழாக் காவடிகளை எடுத்துத் தள்ளினார்.

“கம்ப்யூட்டர்ல நானே பார்த்தேன் லா, பாப்பா.”

“நீங்க பார்த்தது கார்டுல இருந்த படம்ண்ணே! காப்பியே பண்ணல!”

“சரி விடு, மறுபடி போய் எடுத்துக்கலாம்.”

“எதைப் போய் எடுக்க? லயத்தைத்தான் இடிச்சுத் தள்ளிட்டாங்களே!”

பல்லைக் கடித்துக்கொண்டு, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். ஆறு வீடுகள் மட்டும் கிடைத்தன. மற்றவற்றின் மேல் காவடிகள் பதிந்துவிட்டன. அந்த ஆறில் எங்கள் வீடு இல்லை. படமில்லாமலேயே எங்கள் மனுவைக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.