சம்பந்திக்கு முன்னால் கேட்ட கேள்வி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்முனைக் கடற்கரையில் அடுத்தவரின் தோணியில் வலை இழுத்துத் தொடங்கினேன். பிறகு சொந்தமாக இயந்திரப் படகுகள், ஓர் ஐஸ் ஆலை. சுனாமி கொண்டுபோன பின் மறுபடியும் அதே ஐஸ் ஆலை. மூன்று பெண்பிள்ளைகளுக்கும் மாடிவீடு. ஒருவரிடமும் கைநீட்டவில்லை. அப்படிப்பட்ட என்னை ஒரு கேள்வி விழுத்தியது, போன வருடம், கண் ஆஸ்பத்திரியில்.

வெண்புரை ஒப்பரேஷனுக்கு முன் விவரம் எடுப்பது ஒரு திறந்த மண்டபத்தில். பக்கத்து நாற்காலியில் என் மூத்த மருமகனின் உம்மா. அவவும் கண் காட்ட வந்திருந்தா. தாதி மேசையிலிருந்தே சத்தமாகக் கேட்டார்.

"ஹாஜியார், பிரஷருக்கும் சீனிக்கும் எடுக்கிறீங்க. வேற என்ன குளிசை பாவிக்கிறீங்க?"

சலம், அதாவது சிறுநீர், சரியாகப் போவதற்கு வருடக்கணக்காக ஒரு குளிசை எடுக்கிறேன். என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

"வேற ஒண்டுமில்ல."

"மச்சானுக்கென்ன, இன்னும் இளந்தாரிதானே" என்று சம்பந்தி சிரித்தா. அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது?

தியேட்டரில் கண்தான் மரத்திருந்தது, காது கேட்டது. பாதியில் டொக்டரின் கை நின்றது.

"கண்மணியைச் சுத்தி இருக்கிற திரை ஈரச்சீலை மாதிரி ஆடுது. ஹாஜியார், சலத்துக்கு ஏதும் குளிசை எடுக்கிறீங்களா? மறைக்காமச் சொல்லுங்க."

"ஓம் டொக்டர்."

"அந்தக் குளிசை கண்ணுட திரையையும் தளர்த்திப்போடும். முதலே சொல்லியிருந்தா அதுக்கேத்த மருந்தோட ஆயத்தமா நிண்டிருப்பமே."

திரை காயப்பட்டு, கண்மணி கோணிவிட்டது. பார்வை வந்தது. ஆனால் வெயிலில் நிற்க முடியாது. எதிரே வாகன வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது.

மறுதடவை போனபோது டொக்டரின் முகத்துக்கு நேரே சொன்னேன். "அத்தனை பொம்புளையளுக்கு நடுவுல கேட்டா எந்த ஆம்புள சொல்லுவான்? தனியக் கூப்பிட்டு, சலத்துக்கு எடுக்கிறீங்களா எண்டு விளங்கக் கேளுங்க."

"எப்பவோ நிப்பாட்டினவங்களிட்டயும் கேக்கணும்தான். அந்தக் குளிசைட குணம் லேசில போகாது" என்றார் டொக்டர்.

இப்போது அங்கே ஒரு மறைப்புக் கட்டி, ஆண்களைத் தனியே கேட்கிறார்கள். அண்மையில் எங்கள் பள்ளிவாசல் கண் முகாமில் அதே டொக்டர், "இது நாங்க கொண்டுவந்த ஏற்பாடு" என்றார். சனம் தலையாட்டியது. நான் கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை.

இனி எத்தனை பேரின் கண் தப்புமோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்; அதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்தப் புத்தியைச் சொன்னவன் நான், அதற்குக் கண்ணைக் கொடுத்தவனும் நான் என்பதை, அடுத்த முகாமில் ஒலிவாங்கியைப் பிடித்து ஊருக்கு முன்னால் அவர் சொல்லத்தான் வேண்டும்.