அறிக்கையைத் திருப்பி வாங்கிய அம்மா

தபால்காரர் புளி மண்டி வாசலில் சைக்கிளை நிறுத்தி என் பெயரைக் கூப்பிட்டார். எனக்குக் கடிதம் போடுகிறவர் ஒருவர்தான். ஆனால் வந்திருந்த தபால் கார்டில் இருந்தது அவருடைய கையெழுத்து அல்ல. துணைவேந்தர் வேதவல்லி அம்மா பத்து நாட்களுக்கு முன் காலமாகிவிட்டதாக அவருடைய குமாஸ்தா எழுதியிருந்தார். நினைவு மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார். கையெல்லாம் புளி ஒட்டியிருந்ததால் கார்டை விரல் நுனியில் பிடித்தபடி நின்றேன்.

உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான்கு வருடங்களுக்கு முன், எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, சூளகிரிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அவர் வந்தார். ஒரு மாதம் அவரோடு வீடு வீடாகப் போனேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்போது அவர் சென்னையில் கல்லூரிப் பேராசிரியை. ஒரு செய்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதைத்தான் வெளிநாடு சென்று படித்திருந்தார்.

"இதுக்கா கப்பலேறிப் போனீங்க? எங்க கெணத்தடில செத்த நேரம் நின்னா தெரிஞ்சுடுமே" என்றாள் என் அம்மா.

"அந்தக் கெணத்தடியப் பாக்கத்தான் வந்திருக்கேன்" என்று அவர் சிரித்தார்.

அம்மை குத்தும் நாளைப் பஞ்சாயத்து ரேடியோவில் சொல்லியும் எங்கள் ஊரில் யாரும் குழந்தைகளைக் கூட்டிப் போகவில்லை. தாய்மார்கள் காதில் அது விழுந்ததா என்று அவர் அறிய வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம். இரண்டும் எனக்கு வரும் என்பதால் கூடவே வைத்துக்கொண்டார். பெரியவர்கள் முன் எனக்கு வாய் எழாது. பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மட்டும் முடிந்தது.

எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும், "ரேடியோ கேட்டோம், நல்லா இருக்குது" என்றார்கள். நான் அப்படியே சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். ஆனால் ரேடியோ இருந்தது சாவடியில். ஆண்கள் உட்காரும் அந்த இடத்தைப் பெண்கள் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். ஒருத்தியும் ரேடியோ கேட்டதில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் சர்க்கார் அந்த ரேடியோப் பெட்டியை எடுத்துப் போய்விடும் என்று ஊரே பேசி வைத்திருந்தது.

"நீ வாயத் தொறந்து பொட்டி போச்சுன்னு வை, ஊரே நம்ம மூஞ்சில காறித் துப்பும்" என்று அம்மா என்னை எச்சரித்திருந்தாள்.

அவர் எழுதிய அறிக்கை தபாலில் சென்னைக்குப் போனது. மறுநாள் அவரை வழியனுப்ப பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அதில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் சேதி தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலைன்னு."

எதிர்வீட்டு முனியம்மா அக்காவின் மூத்த பிள்ளை அந்த வருடம் அம்மையில் போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது, பேச்சு வரவில்லை. அவர் ஏன் என்று கேட்கவில்லை. பஸ் வந்ததும் கண்டக்டரிடம் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தம் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறப்பதற்குள் வாத்தியார் அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். இவர் எனக்காக ஒரு பஸ்ஸையே விட்டார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

 "நான் கேட்ட மாதிரி கேட்டா யாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. தப்பு என்னோடது" என்றார். அறிக்கையைத் திருப்பி அனுப்பும்படி அங்கிருந்த தபாலாபீஸில் தந்தி கொடுத்துவிட்டு, என்னோடு ஊருக்குத் திரும்பினார்.

இந்த முறை அவர் ரேடியோ என்ற பேச்சையே எடுக்கவில்லை. "நேத்து சாயங்காலம் உங்க காதுல என்னென்ன விழுந்துது?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க எரும கத்துச்சு. அப்புறம் எங்க மாமியா கத்துச்சு. எது முன்னன்னு நெனப்பில்லீங்கம்மா" என்றாள் ரத்தினம்மா.

"எருமயாச்சும் பால் குடுக்குது. நீ இன்னாடி குடுக்கற?" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது.

வேதவல்லி அம்மா சிரித்துக்கொண்டே இரண்டையும் எழுதிக்கொண்டார். எந்த வீட்டிலும் ரேடியோ காதில் விழுந்ததாகச் சொல்லவில்லை. ரேடியோவை எடுக்க வேண்டாம், அதோடு கிணற்றடிக்கும் வீடுகளுக்கும் ஆள் போய்ச் சொல்ல வேண்டும் என்று புதிதாக எழுதி அனுப்பினார். ரேடியோப் பெட்டி போகவில்லை. அடுத்த முறை மருத்துவச்சியே கிணற்றடிக்கு வந்து நாளைச் சொன்னார்.

அறிக்கையைத் திருப்பிக் கேட்ட அந்தத் தந்தியால் அவருக்கு வரவிருந்த துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது என்று குமாஸ்தா இப்போதுதான் எழுதியிருக்கிறார். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து உங்கள் ஊரில் துணைவேந்தர் ஆனார். "முதல் கூட்டத்தில் நான் சொன்னதற்கெல்லாம் எல்லாரும் ஆமாம் என்றார்கள். உங்கள் ஊர் மோர் ஞாபகம் வந்தது" என்று எனக்கு எழுதினார். அதற்குப் பிறகு அவர் எப்படிக் கேட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கார்டு வந்த அன்று முனியம்மா அக்காவிடம் போய்ச் செய்தியைச் சொன்னேன். பஸ் நிற்கும் இடத்தில் நடந்ததையும் முதல் முறையாகச் சொன்னேன். அக்கா, "அந்தக் காயிதத்துல என்னப் பத்தி இன்னா எழுதியிருந்தாங்க?" என்று கேட்டாள்.

புது அறிக்கையை அனுப்புவதற்கு முன் வேதவல்லி அம்மா எனக்குப் படித்துக் காட்டிய வரி அது. இன்றும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னேன்: "இந்த ஊர்த் தாய்மார்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பார்கள்."

"போயிருப்பேன்" என்றாள் அக்கா.