சுனாமிக்குப் பிறகுதான்

எங்கள் ஊரில் எதற்கும் இரண்டே காலம்தான். சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பிறகு. என் மூத்த மகளின் ஓட்டிசம் என்னும் மதியிறுக்கத்தையும் இந்தப் 'பிறகு'க்குள் தள்ளிவிட்டார்கள். கடல் வந்து வீடு போனபின் பள்ளிக்கூட முகாமில் கிடந்தோம். அங்கே சின்னமுத்து என்கிற தட்டம்மைக்குத் தடுப்பூசி போட்டார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போனது நான். ஆகவே பிள்ளையைக் கெடுத்தவளும் நான்தான்!

ஆனால் கடல் வருவதற்கு வெகு முன்பே அவள் அப்படித்தான். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக அடுக்குவாள். ஒன்றை அசைத்தால் தொண்டை கிழியக் கத்துவாள். அதை முதலில் கண்டதே என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. "என்னகா, கூப்பிட்டாத் திரும்புறாளில்லியே புள்ள" என்று என்னிடம் கேட்டவள் அவள்.

நாட்டில் சண்டை முடிந்த வருஷம் சின்னவள் பிறந்தாள். இவளுக்கு ஊசியே வேண்டாம் என்று என் கணவரின் உம்மா, மாமி, எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். மூத்தவளைப் பார்த்த டொக்டர் சொன்னதைச் சொன்னேன். ஊசியால் வருவதில்லை, பெரும்பாலும் பரம்பரை, பிறக்கும்போதே இருப்பது, எல்லாக் காரணமும் இன்னும் முழுக்கத் தெரியாது. மாமி கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியளா, டொக்டருக்கே தெரியாதாம்!"

ஒளிக்காமல் கதைத்த மனிதருக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அன்று வந்திருந்த ராத்தாவின் பக்கம் திரும்பினேன்.

"நீ சொல்லு ராத்தா. முதல்ல கண்டது நீதானே?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள். "எனக்கு அப்படி ஒண்டும் ஞாபகமில்லகா. சுனாமிக்குப் பிறகுதான்."

"அப்ப கதை முடிஞ்சி. ஊசி வேணாம்" என்று என் கணவர் எழுந்துவிட்டார்.

ராத்தாவும் புறப்பட்டாள். வாசலில் ராத்தாவை மறித்தேன். "பொய் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்த?"

அவள் கண் கலங்கியது. "பரம்பரை எண்டு ஊருக்குள்ள கதை போனா என்ட மகள ஆருகா எடுப்பான்? இப்பதான் கலியாணம் பேசி வாறாங்க."

காலடியில் என் மூத்தவள் வந்தவர்களின் செருப்புகளை அடுக்கி வைத்திருந்தாள். ராத்தாவின் சோடி நடுவில். அதை எடுக்கக் குனிந்த ராத்தா கையைப் பின்னிழுத்தாள். பிள்ளை கத்துவாள் என்று அவளுக்குத் தெரியும். வெறுங்காலோடு கொதிக்கும் மணலில் நடந்து போனாள்.

ஞாபகமில்லையாம்!

மறுநாள் யாரையும் கேட்காமல் சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஊசி போடக் கிளினிக்குக்குப் புறப்பட்டேன். ராத்தாவின் செருப்பு இன்னும் வரிசையிலேயே கிடந்தது. தாண்டிப் போனேன்.