பத்தொன்பதாம் வட்டத்து மரங்கள்

இதில் ஒரே ஒரு பொய்தான் உண்டு. அது ஆறு வருடங்களுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த பொய். மற்றதெல்லாம் பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது.

காட்டு மரங்களை அளப்பது என் வேலை. அங்கங்கே ஒரு வட்டம் குறிப்போம். உள்ளே நிற்கும் ஒவ்வொரு மரத்திலும் எண் கீறிய தகடு அடித்து, டேப் சுற்றி விட்டம் எடுப்போம். அதை வைத்துத்தான் மொத்தக் காடும் எவ்வளவு கார்பனைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று அறிக்கை எழுதுவார்கள். ஐந்து வருடம் கழித்து அதே மரங்களை மறுபடி அளக்க வேண்டும்.

முதல் முறை, பத்தொன்பதாம் வட்டத்துக்கு நான் போகவே இல்லை. செங்குத்தான ஏற்றம். எனக்கோ காய்ச்சல், அன்று நான் தனி ஆள் வேறு. கூடாரத்தில் படுத்தபடியே முப்பத்தொரு மரங்களைக் கற்பனை செய்து படிவத்தை நிரப்பிவிட்டேன்.

போன வருடம் மறு அளவு. குறிப்பெடுக்க என்னோடு வந்தவரை 'டீச்சர்' என்போம். எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவர் அல்ல. எங்கள் படிவங்களின் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழிப்பவர். அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மாலை 3.10. ஏறி முடித்தோம். நல்ல வெயில்.

"தம்பி, இதோ ஒண்ணாம் நம்பர்."

மரம் இருந்தது. தகடும் இருந்தது. அதில் என் கையெழுத்தில் எண்.

இடம் மாறி வந்துவிட்டோமா? இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தேன். இடம் சரிதான்.

டேப்பைச் சுற்றினேன். "இருபத்தாறு புள்ளி நாலு."

"போன தடவை இருபத்துநாலு புள்ளி நாலு. ரெண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கு."

இரண்டாவது மரம். அதுவும் இரண்டு சென்டிமீட்டர். மூன்றாவது... அதுவும்.

பதினைந்தாவது மரத்தில் டீச்சர் பேனாவை நிறுத்தினார். "எல்லாம் ஒரே மாதிரி வளருமா தம்பி?"

அப்போதுதான் கவனித்தேன். ஒரு பறவைச் சத்தம் இல்லை. காற்று வீசுகிறது, ஓர் இலை அசையவில்லை. பட்டையில் கை வைத்தால்... சூடு. வெயில் சூடு இல்லை. நிழல் பக்கமும் அதே சூடு.

4.22. கடைசி மரம். அலுப்பில் அதைப் 'பட்டுப்போனது' என்று எழுதியிருந்தேன்.

இலையில்லாமல் நின்றது.

டேப்பைச் சுற்றினேன். "முப்பத்தெட்டு புள்ளி இரண்டு..."

டேப் கையில் நகர்ந்தது.

முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

மறுபடி, முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.

ஏறியது... இறங்கியது... ஏறியது...

"என்ன தம்பி?"

"டீச்சர்... ஓடுங்க."

ஓடினோம்.

டேப் அங்கேயே கிடந்தது.

மறுநாள் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அறிக்கையிலிருந்து பத்தொன்பதாம் வட்டத்தை எடுத்துவிட்டார்கள். என்னை அலுவலக வேலைக்கு மாற்றினார்கள். டீச்சர் அதற்குப் பிறகு காட்டுப்பக்கம் போகவில்லை. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, விமானத்திலிருந்து எடுத்த காட்டுப் படங்களைச் சரிபார்க்கும் பெண் போன் செய்தாள்.

"அண்ணா, நீங்க பத்தொன்பதுக்குப் போன அன்னிக்கு எடுத்த படம் வந்திருக்கு. மணி 4.17. ஆனா அங்க மரமே இல்லையே. வெறும் பாறை. நீங்களும் டீச்சரும் நிக்கிறீங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உங்க ரெண்டு பேர் நிழலும் கிழக்கே விழுது, அது சரி. மத்த முப்பத்தொரு நிழல்தான் புரியல. ஆளே இல்ல, நிழல் மட்டும் இருக்கு. மனுஷ நிழல். உங்களைச் சுத்தி வட்டமா..."

அவள் குரல் தணிந்தது.

"அண்ணா, அந்த நிழல் எல்லாமே உங்களைப் பார்த்து விழுந்திருக்கு."