மெய்யியல் டொக்டரும் ஒரு முழங்காலும்

மெய்யியலில் எனக்குக் கலாநிதிப் பட்டம், அதாவது டொக்டரேட், கிடைத்தபோது என்னைவிட என் கணவருக்குத்தான் புளுகம், சந்தோசத்தில் ஆளைப் பிடிக்க முடியவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடி வீட்டுக் கதவில், என் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று போட்ட பலகை ஒன்றை மாட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் விடவில்லை. அடக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பலகையைப் பார்த்துவிட்டு யாராவது மணியை அடித்து ஞானம் கேட்டால் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லையே என்ற பயந்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நான் வேலை செய்யும் இடத்தில் கலாநிதிகளுக்குக் குறைவில்லை. நன்மை என்றால் என்ன என்று அழகாக விரிவுரை செய்துவிட்டு வந்து, ஏசியின் ரிமோட்டைத் தன் மேசை லாச்சிக்குள் ஒளித்து வைப்பவர் ஒருவர். இன்னொருவர் இருத்தல், இன்மை எல்லாம் விளக்குவார். கூட்டத்தில் அவருடைய கதிரையில் வேறு யாரும் இருந்துவிட்டால் மட்டும் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார். நான் மட்டும் என்ன திறமா? பொறுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். காலி வீதியில் பஸ் நிற்காமல் போனால் கொண்டக்டரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவளும் நான்தான். பட்டம் என்பது ஒரு விஷயத்தை விடாப்பிடியாகப் படித்ததற்கு அத்தாட்சி. அதற்குமேல் அதில் ஒன்றும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மாமி, அதாவது கணவரின் அம்மா, அதை அப்படிப் பார்க்கவில்லை.

மாமி கோயிலையும் பூசையையும் சுற்றி வாழ்கிற கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய நாளில் மாமி சண்டை பிடிக்கவில்லை. அதைவிட மோசம், மரியாதையாக நடந்துகொண்டார். அந்த மரியாதை கலியாணத்துக்குப் பிறகும் பல வருடங்கள் தொடர்ந்தது. நான் பாத்திரம் கழுவப் போனால் "ஐயோ, விடுங்க, நீங்க ஏன்" என்பார். அந்த வீட்டில் யாரும் என்னிடம் உப்புப் போத்தலை எடுத்துத் தரச்சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அது உள்ளுக்குள் சுட்டுக்கொண்டே இருந்தது.

பட்டம் கிடைத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொட்டாஞ்சேனைக்குச் சாப்பிடப் போனோம். முன் அறையில் பக்கத்து வீட்டு அன்ரி, பூசைக்குக் கட்டிய சேலையோடு காத்திருந்தார். மாமி என் தோளில் கையைப் போட்டு முன்னால் தள்ளினார்.

"இதுதான் எங்கட மருமகள். டொக்டர்."

'எங்கட' என்ற சொல்லை அந்த வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, உருகிப்போனேன். அந்த உருக்கத்தில் நான் நிற்க, அன்ரி சேலையை முழங்காலுக்கு மேல் உயர்த்திக் காலை நீட்டினார்.

"இஞ்ச பாருங்க டொக்டர். இந்த வலது பக்கம்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது, அது மட்டும் விளங்கியது.

"உங்கட மாமி சொன்னா, நீங்க மெய்யியல் டொக்டராம். மெய் எண்டா உடம்புதானே. உடம்பு முழுக்கப் படிச்சவங்க எண்டா முழங்காலும் அதுக்குள்ள வரும்தானே?"

மெய் என்றால் உண்மை, உண்மையைத் தேடும் படிப்பு மெய்யியல். இதுதான் பல்கலைக்கழகத்துக் கணக்கு. ஆனால் மெய், வாய், கண், மூக்கு, செவி என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய மனுசிக்கு மெய் என்றால் உடம்புதான். அளவையியல், அதாவது தர்க்கம், படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அன்ரியின் வாதத்தில் ஒரு பிழையும் இல்லை. அது தொடங்கிய எடுகூற்றுத்தான் கொஞ்சம் கோணல்.

சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அன்ரி முந்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில முழங்காலை மாத்தோணும் எண்டுட்டாங்க. வாற புதன்கிழமை வந்து படுக்கச் சொன்னாங்க. நான் இன்னும் மறுமொழி சொல்லேல்ல. ஞாயிறு உங்கட மருமகளைக் கேட்டுட்டுச் சொல்லுறன் எண்டு மாமியிட்டச் சொல்லிட்டன். நீங்க போ எண்டா போறன். வேணாம் எண்டா விட்டிருவன்."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மாமி பொரித்த பற்றிஸ் தட்டோடு கதவடியில் நின்றார். நான் உண்மையைச் சொன்னால் மாமியின் மானம் போகும், நாளைக் காலைப் பூசைக்கு முன்னமே தெருவெல்லாம் கதை பரவிவிடும். இப்போதுதான் கிடைத்த அந்த 'எங்கட'வும் அதோடு போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு மனுசியின் கால் என் வாய்ச்சொல்லில் தொங்கும்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், என் ஆய்வேடு இதைப் பற்றியதுதான். ஒருவர் மனம் நோகாமல் இருக்கப் பொய் சொல்லலாமா? கூடாது என்று அடிக்குறிப்பும் மேற்கோளுமாக நிறுவியிருந்தேன். ஆனால் அதை எழுதும்போது மாமியார் யாரும் பற்றிஸ் தட்டோடு கதவடியில் நிற்கவில்லை.

"அன்ரி," என்றேன், "நான் அந்த டொக்டர் இல்லை. எனக்கு மருந்தும் தெரியாது, எலும்பும் தெரியாது. இதில மெய் எண்டா உடம்பில்லை, உண்மை. நான் உண்மையைப் பற்றிப் படிச்சனான்."

நான் மாமியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் துணிவில்லை. அன்ரி சேலையை இறக்கவுமில்லை.

"உண்மையைப் படிச்சாலும் டொக்டர் குடுக்கிறாங்களா?"

"ஓம் அன்ரி."

"அப்ப உண்மையச் சொல்லுங்க. போகவா, வேணாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பில் பதில் தெரியாதபோது செய்வதையே செய்தேன், திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா அன்ரி?"

"எனக்கென்ன பயம்? பிள்ளைகள் பெத்தவள் நான். இது வேற. கிளினிக்கில பக்கத்தில இருந்த பொம்பிள சொன்னா, மாத்தினா முழங்கால்ல நிக்க ஏலாதாம். பூசையில எல்லாரும் முழங்கால்ல நிக்கக்குள்ள நான் மட்டும் ராணி மாதிரிக் கதிரையில இருக்கிறதா? ஆண்டவர் என்ன நினைப்பார்?"

இது எலும்புக் கேள்வி இல்லை. வணக்கம் இருப்பது உடம்பிலா மனதிலா என்று கேட்கும், என் படிப்புக்குள் வருகிற கேள்வி. இதற்குப் பதில் சொல்லும் தடித்த தடித்த புத்தகங்கள் படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு வரி வாயில் வரவேண்டுமே!

"இப்ப முழங்கால்ல நிக்கிறனீங்களா?"

"நிக்கிறன். பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"நிண்டு என்ன கும்பிடுறனீங்கள்?"

அன்ரி யோசித்தார். "எங்க கும்பிடுறது? எப்படா எழும்பலாம் எண்டுதான் நினைப்பு. நோவில ஃபாதர் சொல்லுறது ஒண்டும் காதில விழுறேல்ல." சொன்னது அப்போதுதான் அவருடைய காதிலேயே விழுந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப கதிரையில இருந்தாத்தான் ஒழுங்காக் கும்பிடலாம் போல!"

"அது எனக்குத் தெரியாது. அதை ஃபாதரிட்டக் கேளுங்கோ. காலைப் பற்றி ஆஸ்பத்திரியில கேளுங்கோ."

அன்ரி இரண்டு பற்றிஸ் சாப்பிட்டு, இன்னும் ஒன்றை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு, புதன்கிழமை போவதாகச் சொல்லி எழும்பினார். "வாறன் டொக்டர்" என்றுதான் விடைபெற்றார். நான் மறுபடி திருத்தப் போகவில்லை.

கொஞ்சம் தலைக்கனம் வந்தது, மறைப்பானேன். ஆனால் அது அதிக நேரம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கேட்கிற யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை. பதில் தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கப் பழகியதுதான் நான் படித்துக் கண்ட மிச்சம்.

குசினிக்குள் மாமி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டைக் கழுவினார்.

"மாமி, கோவமா? அன்ரிக்கு முன்னால உங்களை..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மெய்யியல் எண்டா பிலோசொபி எண்டு. மகன் கலியாணத்துக்கு முந்தியே சொன்னவன்."

நான் திகைத்துப்போனேன். "பிறகு ஏன் மாமி அவவிட்ட அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மெய்யியல் டொக்டர் எண்டுதான் சொன்னன். அதில என்ன பொய்? உடம்பு எண்டு அவதான் நினைச்சா."

பொய் சொல்லாமலே ஆளைப் பிழையாக நினைக்கவிடுவது என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம். அதுவும் கூடாது என்றுதான் முடித்திருந்தேன்.

"நினைச்ச உடனே திருத்தியிருக்கலாமே?"

மாமி பைப்பை மூடினார். "எப்பிடித் திருத்துறது? இவ்வளவு வருசமா உன்னைப் பத்தி என்னட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? வேற சமயமாமே, ஞானஸ்நானம் எடுத்தாச்சா, அவ்வளவுதான். இவதான் முதல் முதல் உன்ட மருமகளை நான் பாக்கோணும் எண்டு ஆசையாக் கேட்டது. எனக்குப் பெருமையா இருந்திச்சு. கொஞ்ச நாளைக்கு இருந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யைப் பற்றி அத்தனை வருடம் படித்தேன். அந்த ஆய்வேட்டின் ஓரிடத்திலாவது 'பெருமை' என்ற சொல்லை எழுதியிருந்தேனா என்று யோசித்தேன். எழுதவில்லை. துவாயை எடுத்து, மாமி கழுவிய தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினேன். மாமி தடுக்கவில்லை.

"அடுத்த ஞாயிறும் வாறம் மாமி," என்றேன்.

"வா, வா," என்றார் மாமி. "முன் வீட்டு அக்காவுக்கு இடுப்பு நோவாம்."